இரண்டு தரம் பாஸான வீடு

சவரிராயன் தன் ஆயுசில் எதிலும் பாஸானதில்லை. மூன்றாங்கிளாஸில் இரண்டு வருஷம் உட்கார்ந்து பார்த்து, வாத்தியாரும் சலித்து அவரும் சலித்து, கடைசியில் கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுன் ஐஸ் கம்பெனிக்குப் பாளம் தூக்கப் போய்விட்டார். ஐஸ் பாளத்துக்குப் பரீட்சை கிடையாது. பிடித்தால் நிற்கும், விட்டால் காலில் விழும். அப்படிப்பட்ட மனுஷனிடம் ஒருநாள் காலையில் மனைவி வழிச் சொந்தக்காரப் பையன் ஆரோக்கிய ஜெகன் வந்து, "மாமா, உங்க வீடு பாஸாயிடுச்சி" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்?

மிக்சர் வாங்கினார். தெருவில் எல்லாருக்கும் கொடுத்தார். தான் தேறாவிட்டாலும் தான் கட்டிய வீடு தேறியதே என்று பெரிய சந்தோஷம். என்ன பரீட்சை, யார் வைத்தது, கேள்வி என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மிக்சர் நன்றாக இருந்தது.

இத்தனைக்கும் சவரிராயன் லேசில் எதையும் நம்புகிற ஆள் இல்லை. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சாமியார் படிக்கிற அறிவிப்பையே வெளியில் வந்து நாலு பேரிடம் விசாரித்துத்தான் ஒப்புக்கொள்வார். புயல் வரும் என்று ரேடியோவில் சொன்னால், கடலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் மாடித் தொட்டியின் மூடிமேல் கல் வைப்பார். இதை நம்பினார் என்றால் நம்ப வேண்டிய நெருக்கடி வீட்டுக்குள் இருந்தது.

அவர் மனைவி ஆரோக்கிய ராணிக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்ததோடு பேச்சும் பாதி போய்விட்டது. வார்த்தையின் தலை மட்டும் வரும், வால் வராது. 'த' என்பாள். அது தண்ணியா, தலகாணியா, தலைவலியா என்பது மகள் சிந்தியாவுக்கு மட்டும்தான் தெரியும். எப்படித் தெரிகிறது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. சவரிராயனுக்கு முப்பத்தைந்து வருஷம் அந்த வாயிலிருந்து முழு வார்த்தையாகவே கேட்டுப் பழக்கம். அதிலும் பாதி திட்டு. தலை மட்டும் வந்தால் அவருக்கு ஒன்றும் விளங்காது.

சிந்தியாவுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. இன்சூரன்ஸ் சமாச்சாரங்களைக் கம்ப்யூட்டரில் பார்த்துச் சரி, தப்பு என்று தட்ட வேண்டும். அம்மா விழுந்தபின் கெஞ்சிக் கூத்தாடி வீட்டிலிருந்தே செய்ய அனுமதி வாங்கியிருந்தாள். ஆனால் அவர்கள் ஊரான மதகடியில், கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டோரம் அது, வீட்டுக்குள் செல்லுக்குச் சிக்னல் வராது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வரும், அதுவும் இஷ்டப்பட்டால். அங்கே குடையைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். கீழே ராணி 'கா' என்றால், சவரிராயன் மூச்சு வாங்கப் படியேறிப் போய், "காங்கிறாம்மா" என்று மகளிடம் சொல்வார். "கண்ணு எங்க பாத்திச்சி?" என்று அவள் கேட்பாள். அதைப் பார்க்க மறந்திருப்பார். மறுபடி இறங்குவார்.

கம்பெனிக்காரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கிறிஸ்மஸுக்குள் வீட்டுக்கு ஒயர் வழியாக நெட் வரவேண்டும், இல்லாவிட்டால் அம்பத்தூர் ஆபீசுக்கு வந்து சேர் என்று சொல்லிவிட்டான். ஒயர் வந்துவிட்டால் கம்ப்யூட்டரைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளலாம். வராவிட்டால் சிந்தியா போய்விடுவாள். போய்விட்டால் ராணி சொல்வது இந்த உலகத்தில் யாருக்கும் புரியாது.

அதனால்தான் மிக்சர்.

ஆனால் பாஸாகி ஒரு மாதம் ஆகியும் வீட்டுக்குள் ஒரு நூல்கூட வரவில்லை. சவரிராயன் வேட்டியை மாற்றிக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பத்துக்குப் போனார். கடலோர ஒளியிழைக் கழகத்தின் கடலூர் வட்ட ஆபீஸ் அங்கேதான். வீட்டுக்கு வீடு கண்ணாடி இழையில் நெட் கொடுப்பதற்காக ஏற்பட்ட கழகம் அது. வட்ட அதிகாரி ஞானசம்பந்தன் அன்பாக உட்காரச் சொன்னார். பாஸான வீடு என்று கேட்டதும் எழுந்து கைகூடக் கொடுத்தார்.

"அப்ப எப்பங்க ஒயரு குடுப்பீங்க?" என்றார் சவரிராயன்.

"பெரியவரே, நீங்க தப்பா புரிஞ்சிக்கிட்டீங்க. பாஸுன்னா தேறினதுன்னு அர்த்தம் இல்ல. தாண்டிப் போனதுன்னு அர்த்தம்."

"எது தாண்டிப் போச்சி?"

"கேபிளு. உங்க வீட்டத் தாண்டிப் போயிருக்கு. அதனால உங்க வீடு பாஸ். உலகம் பூரா இப்பிடித்தான் கணக்கு."

சவரிராயன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "எங்க வீட்டத் தாண்டி தெனம் மீன் வண்டி போவுதுங்க. அதுக்காவ எங்க வீட்ல கொழம்பு கொதிக்கிறதில்ல" என்றார்.

ஞானசம்பந்தன் கோபப்படவில்லை. பெருமையோடு விளக்கினார். "திட்டக்குடியிலேருந்து பரங்கிப்பேட்டை வரைக்கும் நாங்க தாண்டாத தெரு கெடையாது. தாண்டுறதுல போன வருஷமும் நாங்கதான் மொத எடம். வீட்டுக்கு வீடு நின்னு நின்னு குடுத்துக்கினு இருந்தா எப்பங்க தாண்டுறது? நின்ன எடத்துல நாலு வீடு போயிடும். மக்களுக்குச் சேவை செய்யணும்னா அவுங்கள வேகமா தாண்டணும்."

"கை காட்டினா டவுன் பஸ்ஸே நிக்குதுங்களே."

"அதனாலதான் அது இன்னும் டவுன் பஸ்ஸாவே இருக்கு."

ஞானசம்பந்தன் அதோடு விடாமல் இன்னொரு சங்கதியும் சொன்னார். மதகடியில் இருக்கிற மதகுதான் கடலூர் வட்டத்துக்கும் சிதம்பரம் வட்டத்துக்கும் எல்லை. வடக்கேயிருந்து வந்த கடலூர் கேபிள் சவரிராயன் வீட்டைத் தாண்டி மதகோரம் நின்றுவிட்டது. தெற்கேயிருந்து வந்த சிதம்பரம் கேபிள் ஆர்வத்தில் மதகைத் தாண்டி, சவரிராயன் வீட்டையும் தாண்டி நின்றுவிட்டது. ஆக, இரண்டு வட்டமும் தாண்டிய வீடு அது ஒன்றுதான். அவர்கள் தாண்டிய வீட்டில் நாங்கள் கை வைத்தால் மரியாதையாக இருக்காது, சிதம்பரத்தில் கேளுங்கள் என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மறுநாள் சிதம்பரம். கீழவீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் அந்த ஆபீஸ். அங்கே இருந்தவர் சத்யநாராயணன். சாதாரணப் பொறுப்பு இல்லை, எதிர்கால மேம்பாட்டுக்குத் தலைவர். சுவர் முழுக்க ஒரு வரைபடம். சிவப்புக் கோடு ஒன்று கீழ் மூலையில் புறப்பட்டு, காலண்டரைத் தாண்டி, கூரையில் முட்டி நின்றது. கூரைக்குமேல் இடமில்லாததால் அங்கே ஒரு அம்புக்குறி போட்டிருந்தார்கள். அவருடைய செல், ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது ஏங்க தொங்குது?" என்று சவரிராயன் கேட்டார்.

அந்த இடத்தில்தான் சிக்னல் கிடைக்கிறது என்றார் சத்யநாராயணன். ஆபீசுக்குக் கேபிள் இல்லையா என்றதற்கு, "எங்க ஆபீசும் பாஸ்தான்" என்றார் அடக்கமாக.

சவரிராயன் மனைவி விஷயத்தைச் சொன்னார், மகள் விஷயத்தைச் சொன்னார், அம்பத்தூரைச் சொன்னார். சத்யநாராயணன் கண்ணை மூடிக் கேட்டார். இடையில் ஒருதரம் கண்ணைத் துடைத்துக்கொண்டதுபோலவும் இருந்தது.

"ஐயா, ஒங்க கஷ்டம் எனக்குப் புரியிது. புரியிறதனாலதான் குடுக்கல. இப்ப இருக்கற வேகம் இன்னும் அஞ்சு வருஷத்துல பழசாயிடும். பழசாகப் போற பொருள ஒரு நோயாளி வீட்ல கொண்டுபோய் வெக்கறதுக்கு எனக்கு மனசு வரல. அடுத்து பத்து மடங்கு வேகம் வருது. அதுக்கும் மேல அம்பது மடங்கு. அதத்தான் ஒங்களுக்குத் தரணும்னு நான் திட்டம் போட்டு வெச்சிருக்கேன்."

"பழசா இருந்தா பரவால்லங்க. குடுங்க."

"அது எங்க கொள்கைக்கு விரோதம்."

"அந்த அம்பது மடங்கு எப்ப வருங்க?"

சத்யநாராயணன் கூரையில் இருந்த அம்புக்குறியைக் காட்டினார். ஆனால் அது வருவதற்குள் அதுவும் பழசாகிவிடும் அபாயம் இருப்பதால், அதற்கும் மேலே ஒன்றைப் பற்றி இப்போதே யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். யோசனைக்காக அடுத்த மாதம் மூன்று நாள் பெங்களூர் போகிறாராம். இதுவரை யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா என்று சவரிராயன் கேட்டார். கொடுத்தால் அதை மேம்படுத்துவது கஷ்டம், கொடுக்காத இணைப்பைத்தான் சுலபமாக மேம்படுத்தலாம், அந்த விதத்தில் தமிழ்நாட்டிலேயே நாம் ரொம்ப முன்னேறிய நிலையில் இருக்கிறோம் என்று அவர் பதில் சொன்னார்.

ஊருக்குத் திரும்பிய சவரிராயன் நேராக ஜெகனைப் பிடித்தார். ஜெகன் ராணியின் ஒன்றுவிட்ட தம்பி மகன். கேபிள் இழுக்கிற காண்ட்ராக்டரிடம் வேலை. வீட்டெதிரே மண்ணுக்குள்ளிருந்து கேபிள் ஏறி நிற்கிற போஸ்டிலிருந்து ஜன்னலுக்கு ஒரு இழையை இழுத்துவிடு, அத்தைக்காகச் செய் என்றார்.

ஜெகன் தலையைச் சொறிந்தான். "இழுக்கறது அஞ்சு நிமிஷ வேல மாமா. ஆனா உள்ள லைட்டு கெடையாது."

"இன்னா லைட்டு?"

"கண்ணாடி நூலு மாமா அது. உள்ள வெளிச்சம் ஓடணும், அப்பதான் நெட்டு. இதுல வெளிச்சம் ஏத்தல. இருட்டாத்தான் கெடக்கு. எங்க காண்ட்ராக்டு பொதைக்கிறது மட்டும். ஏத்தறது வேற கம்பெனி."

"அவன் எங்க இருக்கான்?"

"அவன் இன்னும் பொறக்கல மாமா."

சவரிராயன் அந்தப் போஸ்டை விரலால் தட்டிப் பார்த்தார். பிணத்தைத்தான் புதைப்பார்கள் என்று நினைத்திருந்தேன் என்றார். ஜெகன் சிரித்தான். பிறகு சிரித்தது தப்போ என்று அவனுக்குத் தோன்றி, அத்தை எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனான்.

டிசம்பர் பிறந்தது. கம்பெனிக்காரன் நினைவூட்டினான். சிந்தியா எழுதிக் கேட்டாள், பேசிக் கேட்டாள், ஊரில் கேபிள் போட்டுவிட்டார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்றாள். அவர்களும் மனிதர்கள்தான், பொங்கல்வரை பொறுப்பதாகச் சொன்னார்கள். அப்போதுதான் கழகத்திலிருந்து கார் வந்தது.

கடலூரும் சிதம்பரமும் சேர்ந்து தாண்டிய ஒரே வீடு என்பதால், சவரிராயன் வீட்டை 'இரட்டைப் பாஸ் இல்லம்' என்று அறிவித்து விழா எடுக்கப் போகிறார்களாம். இரண்டு வட்டமும் யார் தாண்டியது பெரிசு என்று சண்டை போடாமல் ஒற்றுமையாகச் செய்கிற முதல் காரியம் இதுதான் என்று கார் டிரைவர் சொன்னார். சவரிராயன் வரமாட்டேன் என்றார். சிந்தியாதான், "போய்ட்டு வாங்கப்பா. மைக்க குடுத்தா எல்லார் முன்னாடியும் கேளுங்க. பத்து பேரு பாக்கறப்ப இல்லன்னு சொல்ல மாட்டாங்க" என்று அனுப்பினாள். படித்த பெண். அவளும் அவ்வளவு நம்பினாள்.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். முன்தினம் நடந்த கல்யாணத்து வாழைமரத்தை அப்படியே விட்டிருந்தார்கள். சவரிராயனுக்குச் சால்வை போட்டார்கள். கண்ணாடியில் செய்த ஒரு வீட்டைக் கையில் கொடுத்தார்கள். அதற்குக் கதவு வரைந்திருந்தது, திறக்காது. ஞானசம்பந்தன் பேசும்போது, சாதாரண மக்கள் ஒரு வட்டம் தங்களைத் தாண்டுவதற்கே தவம் கிடக்கிறார்கள், இந்தப் பெரியவரை இரண்டு வட்டம் தாண்டியிருக்கிறது, இது அவர் செய்த புண்ணியம் என்றார். சத்யநாராயணன், மூன்றாவது முறையும் தாண்டுவதற்கான திட்டம் தயார் என்று மேடையிலேயே அறிவித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பிறகு நேரலை. பெரிய திரையில் பயனாளியின் வீட்டைக் காட்டப் போகிறார்கள். சிந்தியாவைக் கூப்பிட்டார்கள். அவள் மொட்டை மாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் செல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்கு இன்னும்" என்றாள். அதோடு படம் நின்றுவிட்டது. வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி, தலைக்குப் பின்னால் குடையோடு அவள் திரையில் அப்படியே இருந்தாள்.

ஞானசம்பந்தன் மைக்கை வாங்கினார்.

"பாருங்க. எவ்வளவு தெளிவு. ஒரு ஆட்டம் உண்டா, ஒரு நடுக்கம் உண்டா? சாதாரண செல்லுல படம் ஆடும். இது அசையாத படம். இதுதான் ஒளியிழை."

எல்லாரும் தட்டினார்கள். போட்டோக்காரர்கள் திரையைப் படம் பிடித்தார்கள். சவரிராயன் மைக்கைக் கேட்டார், கொடுத்தார்கள். "எங்க வீட்டுக்கு ஒயரு வரலீங்க. குடுங்க" என்றார். இரண்டே வாக்கியம்தான். சத்யநாராயணன் அவர் தோளைத் தட்டி, பயனாளி மேலும் மேலும் கேட்கிறார், மக்களின் இந்தத் தாகம்தான் எதிர்கால மேம்பாட்டுக்கு அடிப்படை என்று விளக்கம் சொன்னார். அதற்கும் தட்டினார்கள். சாப்பாட்டில் இரண்டு இனிப்பு.

இந்தச் செய்தி படத்தோடு பேப்பரில் வந்தது. வாய் திறந்த சிந்தியா, சால்வையோடு சவரிராயன், கீழே 'இரட்டை இணைப்பில் மின்னல் வேகம்' என்று எழுத்து. அம்பத்தூரில் யாரோ அதைப் பார்த்தார்கள். கழகத்தின் வரைபடத்திலும் தேடிப் பார்த்தார்கள். மதகடியில் அந்த வீட்டின்மேல், பாஸான வீட்டுக்கு வைக்கிற பச்சைப் புள்ளி ஒன்று இல்லை, இரண்டு. அதற்கப்புறம் அவர்கள் சிந்தியாவிடம் கத்தவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஊருக்கே இல்லாத வசதி வீட்டில் இருக்க, இத்தனை நாள் நெட் இல்லை என்று எங்களை ஏமாற்றியிருக்கிறாய், திங்கட்கிழமை ஆபீசுக்கு வா, வராவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று முடித்துவிட்டார்கள்.

வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடலாமா என்று சிந்தியா ஒரு ராத்திரி முழுக்க யோசித்தாள். மருந்துக்கு என்ன செய்வது என்று காலையில் அப்பாவைக் கேட்டாள். சவரிராயன் வாசலில் போய் நின்றுகொண்டார். அதுதான் பதில்.

போவதற்கு முன் மிச்சமிருந்த நாட்களில் அவள் அப்பாவுக்குப் பாடம் எடுத்தாள். 'த' சொல்லிக் கண் பானைப் பக்கம் போனால் தண்ணி. புருவம் சுருங்கினால் தலைவலி. 'ம' மாதிரி இழுத்து மூக்கு விடைத்தால் மருந்து வேண்டாம், மாதா படத்தைப் பார்த்தால் மெழுகுவத்தி. ராணியும் ஒத்துழைத்தாள். மகள் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினாள். சவரிராயன் எதிரே உட்கார்ந்து மனப்பாடம் செய்தார். மெழுகுவத்திக்கு மாத்திரையும் மாத்திரைக்கு மெழுகுவத்தியும் கொண்டுவந்தார். சிந்தியா திரும்பச் சொல்லிக்கொடுத்தாள். திரும்பத் தப்பு. ராணிக்குக்கூட ஒருதரம் சிரிப்பு வந்தது. ஒரு பக்க வாய் மட்டும் சிரித்தது. மூன்றாங்கிளாஸ் மாதிரியேதான் ஆயிற்று. அங்கேயாவது இரண்டு வருஷம் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கப்புறம் சிந்தியா சிதம்பரம் போய்ச் சென்னை பஸ் ஏறினாள். அந்த பஸ் மதகடி வழியாகத்தான் போகவேண்டும், ஆனால் நிற்காது. சவரிராயன் ராணியை நிமிர்த்தி, முதுகுக்குத் தலகாணி கொடுத்து, ஜன்னலுக்கு நேரே சாய்த்து வைத்தார். பஸ் வந்தது. ஏதோ ஒரு ஜன்னலில் ஒரு கை ஆடியது. வேறு யாருடைய கையோகூட இருக்கலாம். பஸ் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. 'சி' என்றாள் ராணி. அது ஒன்று மட்டும் சவரிராயனுக்கு உடனே புரிந்தது.

திங்கட்கிழமை காலையில் அவள் "பா" என்றாள்.

சவரிராயன் பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்தார். தலையை அசைத்தாள். பாய் வேண்டுமா என்று விரித்துக் காட்டினார். இல்லை. பாட்டா என்று ரேடியோவைத் திருகினார். அவள் இன்னும் அவசரமாக, "பா, பா" என்றாள். கண் எங்கே போகிறது என்று பார்த்தார். அது அவரையேதான் பார்த்தது. செல்லை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடி, சிந்தியா சொல்லிக்கொடுத்தபடி முகம் தெரிகிற மாதிரி கூப்பிட்டார். மகள் முகம் வந்தது. அவளுக்குப் பின்னால் ஆபீஸ் சுவரும் நிறைய தலைகளும்.

"பாங்கிறாம்மா," என்று கத்தினார். "பாலும் வேணாங்கிறா, பாயும் வேணாங்கிறா. பாங்கிறா."

சிந்தியா வாயைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். ஒரு ஆட்டம் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை.

அவர் செல்லைத் தூக்கிப் பிடித்தார், தொட்டியைச் சுற்றி வந்தார், குடை கட்டியிருந்த கம்பியில் வைத்துப் பார்த்தார். கீழே ரோட்டில் பள்ளம் தோண்டுகிற மெஷின் வந்து நின்றது. ஜெகன் அண்ணாந்து பார்த்தான்.

"மாமா, புது கேபிளு. மேம்பாடு. பழச அப்பிடியே உள்ள விட்டுட்டு இத மேல போடறோம். இன்னும் அரமணி நேரத்துல தாண்டிடுவோம். மூணாந்தரமும் பாஸ்."

சவரிராயன் படியிறங்கினார். ராணி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பா" என்றாள், இந்தத் தரம் மெதுவாக.

"ஆமா ராணி, பாஸுதான்," என்றார் அவர், வேறு ஒன்றும் தெரியாமல். "மறுபடியும் பாஸாம்."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கட்டில் விரிப்பில் ஈரம் மெல்லப் பரவி, ஓரத்துக்கு வந்து, தரையில் சொட்ட ஆரம்பித்தது. அவர் கையில் இருந்த செல், மாடியிலேயே வந்து மாட்டிக்கொண்டிருந்த சிந்தியாவின் குரலை அப்போதுதான் உயிர் வந்ததுபோலக் கொண்டுவந்து சேர்த்தது.

"பாத்ரூம்ப்பா. சீக்கிரம் தூக்குங்க."

வெளியே மெஷின் வீட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.